அக்கினி ஞானஸ்நானம் கிடைக்கவில்லை என்று பயந்துகொண்டிருப்பவர்களுக்கு

"இப்போதே அக்கினி உன்மேல் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நீ அக்கினிக்குள் இறங்க வேண்டியிருக்கும்." மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, பரிசுத்த ஆவி நெருப்பாய் இறங்குகிற அக்கினி ஞானஸ்நானத்தைப் பற்றிய ஒரு வசனத்தைக் காட்டி ஒருவர் சொன்ன இந்த வார்த்தை என்னை ஒன்றரை வருஷத்துக்கு மேல் தூங்கவிடவில்லை. விளக்கை அணைத்துப் படுத்தால் காதுக்குள் அதுதான் ஓடும். மகள் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருப்பாள், நான் எழுந்து உட்கார்ந்து "ஆண்டவரே, இன்றைக்காவது" என்று ஜெபிப்பேன், எதுவும் நடக்காது, அப்புறம் விடியும்வரை பயம்தான். அந்தச் சமயத்தில் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த வசனத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது, பின்னால் என்ன இருக்கிறது, வாசித்தாயா அம்மா?" என்று கேட்டிருந்தால் பாதி வேதனை குறைந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நான் இன்றும் விசுவாசிதான். பெந்தெகொஸ்தே சபைகளைத் திட்டுவது என் நோக்கம் இல்லை, அங்கே எனக்குக் கிடைத்த நல்லதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எங்கள் குடும்பம் நாகர்கோவில் பக்கம். தலைமுறை தலைமுறையாக ஒரே சபை, குழந்தையில் ஞானஸ்நானம், பள்ளி முடிக்கும் வயதில் திடப்படுத்தல், பிறகு நற்கருணை. அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர், சேகரக் கமிட்டியில் பல வருஷம் இருந்தவர். கல்யாணமாகி நான் கோயம்புத்தூர் வந்தேன், கணவருக்கு மஸ்கட்டில் வேலை. இரண்டாவது பிள்ளை ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோனது. அவரால் பத்து நாள் விடுப்புக்கு மேல் இருக்க முடியவில்லை, திரும்பிப் போய்விட்டார். எங்கள் சபையிலிருந்து வந்து பார்த்தார்கள், ஜெபித்தார்கள், பழம் கொடுத்தார்கள், போனார்கள். குறையாகச் சொல்லவில்லை, அதற்கு மேல் என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. என்னோடு கணக்குப் பிரிவில் வேலை பார்த்த ஒரு அக்காதான் தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். சாப்பாடு கொண்டுவருவார், மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பார், நான் அழும்போது கூட உட்கார்ந்து அழுவார். அவர் தன் பெந்தெகொஸ்தே சபைக்குக் கூப்பிட்டபோது மறுக்க எனக்கு மனசே வரவில்லை. போன முதல் ஞாயிறே அங்கே என்னை யாரும் பார்வையாளராக நடத்தவில்லை. ஆராதனை முடிந்து பெண்கள் சுற்றி நின்று என் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். அந்த அன்பு உண்மையானது, அதை இன்றும் மறுக்க மாட்டேன்.

சில மாதத்தில் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கச் சொன்னார்கள். குழந்தையில் தலையில் தெளித்தது கணக்கில் வராது, அறிந்து விசுவாசித்துத்தான் பெற வேண்டும் என்றார்கள். மேடைக்குப் பின்னால் தொட்டி, வெள்ளை உடுப்பு, குளிர்ந்த தண்ணீர். மூழ்கி எழுந்தபோது எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது, பிள்ளை போனதிலிருந்து அப்படி ஒரு லேசான மனசு இருந்ததில்லை. ஆனால் அப்பாவிடம் போனில் சொன்னபோது வெகுநேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "அப்போ நானும் உன் அம்மாவும் உன்னைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றது ஒன்றுமே இல்லையா மோளே?" என்று கேட்டார். எபேசியர் நாலாம் அதிகாரத்தை எடுத்து, ஒரே கர்த்தர், ஒரே விசுவாசம், ஒரே ஞானஸ்நானம் என்று வாசித்தார். ஊர்ச் சபையில் எனக்கு நற்கருணை நிறுத்தப்பட்டது. இதை யாரும் எனக்கு முன்னாலேயே சொல்லவில்லை, அதனால் இங்கே சொல்லிவிடுகிறேன். குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கும் சபைகள் பெரும்பாலும் இரண்டாவது ஞானஸ்நானத்தை ஏற்பதில்லை. சபைப் பதிவேட்டில் பெயர், கல்யாண ஓலை, கல்லறைத் தோட்டத்தில் இடம் எல்லாம் பிற்பாடு பேச்சுக்கு வரும். எடுக்கலாமா கூடாதா என்று நான் சொல்லப்போவதில்லை, அது உங்கள் மனசாட்சி. ஆனால் எடுப்பதற்கு முன்னால் உங்கள் ஆயரிடமும் வீட்டுப் பெரியவர்களிடமும் நேரில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். போனில் சொல்லாதீர்கள். "இந்த வாரமே எடுக்க வேண்டும்" என்று அவசரப்படுத்தினால் ஒரு மாதம் தள்ளிக் கேளுங்கள், தண்ணீர் எங்கேயும் போய்விடாது.

தொட்டியில் இறங்கி ஏறியதோடு முடிந்தது என்று நினைத்தேன். கொஞ்ச நாளில் அடுத்த பேச்சு ஆரம்பித்தது. தண்ணீர் மட்டும் போதாது, அக்கினி வேண்டும், அதற்கு அடையாளம் அந்நியபாஷை, அதாவது படிக்காத ஒரு மொழியில் ஆவியால் பேசுவது, அது வராவிட்டால் இன்னும் உனக்குள் ஏதோ தடை இருக்கிறது. அதற்கென்றே காத்திருப்புக் கூட்டம் இருந்தது. முழங்காலில் நிற்க வைப்பார்கள். தலையில் ஒருவர் கை, முதுகில் ஒருவர் கை. ஸ்பீக்கர் என் காதுக்கு நேராக இருக்கும். "அல்லேலூயா, அல்லேலூயா என்று வேகமாகச் சொல்லு, நாக்கை விட்டுக்கொடு, யோசிக்காதே" என்பார்கள். வேகமாகச் சொல்லச் சொல்ல வாய் வறண்டுபோகும், வார்த்தை குழறும், குழறினதும் "வந்துவிட்டது, விடாதே" என்று கத்துவார்கள். எனக்குத் தெரியும், அது என் வறண்ட நாக்கு. பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண் அப்படியே ஏதோ சொல்ல ஆரம்பித்தாள், எல்லோரும் கைதட்டினார்கள். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது அவள் என் காதில், "அக்கா, எனக்கு முழங்கால் வலி தாங்கவில்லை, அதனால்தான் சொன்னேன்" என்றாள். அவள் கண்ணில் இருந்த குற்றவுணர்ச்சியை நான் மறக்கவே மாட்டேன். ஒரு சின்னப் பெண்ணை ஆண்டவர் பெயரால் பொய் சொல்லும் நிலைக்குத் தள்ளிவிட்டோம் என்று அங்கே ஒருவருக்கும் உறைக்கவில்லை.

எனக்கு வராததற்குக் காரணம் தேடினார்கள். பரம்பரைச் சாபம், மன்னிக்காத மனசு, போதாத காணிக்கை. ஒரு நாள், "பிள்ளை தங்காததும் இதனால்தான், அக்கினி இல்லாத வயிற்றில் சத்துரு கை வைப்பான்" என்று ஒருவர் சொன்னார். அன்றிலிருந்து நான் நிஜமாகவே உடைந்துபோனேன். தசமபாகம் போக விசேஷித்த காணிக்கை, கூடுகைக் கட்டணம், பலன் வரும் என்று முன்கூட்டியே கொடுக்கச் சொல்லும் ஊழியத்துக்கு விதை என்று பணம் போய்க்கொண்டே இருந்தது. உபவாசக் கூடுகைகளுக்குப் போனதில் சம்பளம் பிடித்தார்கள். ஒன்றரைப் பவுன் வளையலைக் கழற்றிக் கொடுத்தேன், அது என் மாமியார் கல்யாணத்துக்குப் போட்டது. எல்லாம் சேர்த்தால் இரண்டு லட்சத்துக்குக் குறையாது. கணவரிடம் சொல்லப் பயந்து நகைக்கடன் தனி. இதில் பெரிய ஆபத்து உடம்புக்கு வந்தது. எனக்குச் சர்க்கரை உண்டு. காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு, உபவாசம் என்று தண்ணீர் மட்டும் குடித்து உட்கார்ந்தேன். மத்தியானம் கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது, கண் இருட்டியது. சுற்றி இருந்தவர்கள் அதை அபிஷேகம் என்று நினைத்து ஸ்தோத்திரம் சொன்னார்கள். அந்த அக்காதான் என் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்து, ஜில்லென்று இருப்பதைக் கண்டு, பையிலிருந்த குளுக்கோஸைக் கரைத்து வாயில் ஊற்றி ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சர்க்கரை மிகவும் இறங்கியிருக்கிறது, இன்னும் தாமதித்திருந்தால் நினைவு தப்பியிருக்கும் என்றார் டாக்டர். சர்க்கரை, தைராய்டு, வலிப்பு எதற்காவது மாத்திரை எடுக்கிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் உபவாசம் இருக்காதீர்கள். மாத்திரையை நிறுத்தவும் செய்யாதீர்கள். உபவாசத்தில் நடுக்கமும் வேர்வையும் வந்தால் முதலில் சர்க்கரைத் தண்ணீர், பிறகு ஜெபம்.

வீட்டில் ஓய்வாக இருந்த நாட்களில்தான் வேதத்தை எடுத்து, நெருப்பு வருகிற இடங்களை ஒவ்வொன்றாகத் தேடி ஒரு பழைய நோட்டில் எழுத ஆரம்பித்தேன். என்னைப் பயமுறுத்திய வசனம் மத்தேயு 3:11. "அவர் பரிசுத்த ஆவியினாலும் அக்கினியினாலும் உங்களுக்கு ஞானஸ்நானம் கொடுப்பார்" என்று யோவான் ஸ்நானகன் சொல்வது. இதற்கு முந்தின வசனத்தில் வேரருகே கோடாரி இருக்கிறது, கனிகொடாத மரம் அக்கினியில் போடப்படுகிறது. பிந்தின வசனத்தில் தூற்றுக்கூடை, கோதுமை களஞ்சியத்துக்கு, பதர் அவியாத அக்கினிக்கு. மூன்று வசனத்திலும் வரிசையாக நெருப்பு. முன்னும் பின்னும் அது நியாயத்தீர்ப்பின் நெருப்பு. நடுவில் இருப்பதும் அதே நெருப்புத்தானா, இல்லை இயேசு பரமேறினபின் பெந்தெகொஸ்தே நாளில் சீஷர்கள்மேல் இறங்கிய அக்கினிமயமான நாவுகளா, இரண்டும் சேர்ந்ததா என்று விசுவாசிகள் ஆதிமுதல் வேறுவேறு விதமாகத்தான் வாசித்திருக்கிறார்கள். மூன்றாம் நூற்றாண்டின் வேத அறிஞர் ஓரிகன் இதைக் கடைசி நாளில் கடக்கவேண்டிய அக்கினி நதியாகப் பார்த்தார். ஆதிச் சபையின் பெரிய பிரசங்கியான யோவான் கிறிசோஸ்தோம் ஆவியின் கிருபை எவ்வளவு நிறைவாகவும் வேகமாகவும் வருகிறது என்பதைக் காட்டும் உருவகமாக எடுத்துக்கொண்டார். எனக்குப் பெரிய ஆறுதல் இதுதான், இப்படிப்பட்டவர்களே ஒரே மாதிரி வாசிக்காத வசனத்தை வைத்து ஒரு மேடைப் பிரசங்கியார் எனக்கு நரகத் தேதி குறிக்க முடியாது.

அப்புறம் இதே வார்த்தை மற்ற இடங்களில் எப்படி வருகிறது என்று பார்த்தேன். லூக்கா 3:16இல் அக்கினி இருக்கிறது, அங்கேயும் கோடாரியும் பதரும் கூடவே இருக்கின்றன. மாற்கு 1:8இல் பரிசுத்த ஆவி மட்டும், அக்கினி இல்லை. அங்கே கோடாரியும் இல்லை, பதரும் இல்லை. யோவான் 1:33இலும் இல்லை. உயிர்த்தெழுந்த இயேசுவே அப்போஸ்தலர் 1:5இல் அதைத் திரும்பச் சொல்கிறார், பரிசுத்த ஆவி என்று நிறுத்திவிடுகிறார். கொர்நேலியு என்ற ரோம நூற்றுக்கு அதிபதியின் வீட்டில் ஆவி இறங்கினதை எருசலேமில் விளக்கும் பேதுருவும், 11:16இல் ஆண்டவருடைய அந்த வார்த்தையைத்தான் நினைவுகூருகிறார், அங்கேயும் அக்கினி இல்லை. அக்கினிமயமான நாவுகள் பெந்தெகொஸ்தே நாளுக்குப் பிறகு அப்போஸ்தலர் நடபடிகளில் இன்னொரு முறை வரவே இல்லை. அன்றைக்கே ஞானஸ்நானம் பெற்ற ஏறக்குறைய மூவாயிரம் பேர்மேல் நாவு அமர்ந்ததாகவோ அவர்கள் அந்நியபாஷை பேசினதாகவோ எழுதப்படவில்லை. அவர்கள் உபதேசத்தில் தரித்திருந்தார்கள், அப்பம் பிட்டார்கள், சொத்தை விற்று அவனவன் தேவைக்குத் தக்கதாகப் பகிர்ந்து கொடுத்தார்கள். அந்தக் கடைசி வரியை வாசித்தபோது என் வளையல் ஞாபகம் வந்தது. அங்கே பணம் தேவைப்பட்டவன் கைக்குப் போயிருக்கிறது.

யோவான் ஸ்நானகனைப் பற்றி இன்னொன்று. வருகிறவர் அக்கினியோடு வருவார் என்று அறிவித்த அந்த மனிதர் கொஞ்ச நாளில் காவலில் கிடக்கிறார். கோடாரி இறங்கவில்லை, அவரைக் காவலில் வைத்த ஏரோது அப்படியே இருக்கிறான். "வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவர் வரக் காத்திருக்கவேண்டுமா?" என்று ஆள் அனுப்பிக் கேட்கிறார், மத்தேயு 11. இயேசு சொன்ன பதிலில் நெருப்பு இல்லை. குருடர் பார்க்கிறார்கள், சப்பாணிகள் நடக்கிறார்கள், தரித்திரருக்குச் சுவிசேஷம் பிரசங்கிக்கப்படுகிறது என்கிறார். கேள்வி கேட்டதற்காக யோவானைக் கடிந்துகொள்ளவும் இல்லை, கேட்க வந்தவர்கள் போனபிறகு ஜனங்களிடம் யோவானைப் புகழ்ந்துதான் பேசுகிறார். அக்கினி வரும் என்று சொன்னவருக்கே காத்திருப்பும் சந்தேகமும் இருந்தது என்றால், எனக்கு இருந்ததில் என்ன அதிசயம்?

இயேசு தாமே நெருப்பையும் ஞானஸ்நானத்தையும் சேர்த்துப் பேசுகிற இடம் லூக்கா 12:49, 50. பூமியின்மேல் அக்கினியைப் போடவந்தேன் என்கிறார், உடனே அடுத்த மூச்சில், நான் முழுகவேண்டிய ஒரு ஸ்நானமுண்டு, அது முடியுமளவும் எவ்வளவோ நெருக்கப்படுகிறேன் என்கிறார். இந்த இடத்தை நான் எத்தனையோ பிரசங்கம் கேட்டும் ஒருமுறைகூட யாரும் எடுத்துப் பேசிக் கேட்டதில்லை. முதலில் முழுகப்போகிறவர் அவர். சிலுவைதான் அந்த ஸ்நானம். செபெதேயுவின் குமாரர் வலதும் இடதும் உட்காரக் கேட்டபோதும், நான் பெறும் ஸ்நானத்தை உங்களால் பெறக்கூடுமா என்று இதையே கேட்கிறார். அந்த இரண்டு பேர்தான், யாக்கோபும் யோவானும், தங்களை ஏற்றுக்கொள்ளாத சமாரியர் கிராமத்தின்மேல் வானத்திலிருந்து அக்கினி இறங்கி அழிக்கும்படி சொல்லட்டுமா என்று கேட்டவர்கள். இயேசு திரும்பிப் பார்த்து அதட்டினார். பிறகு அப்போஸ்தலர் 8இல் பார்த்தால், அதே யோவான் பேதுருவோடு அதே சமாரிய நாட்டுக்குப் போகிறார், அவர்கள் பரிசுத்த ஆவியைப் பெறும்படி ஜெபித்து அவர்கள்மேல் கைவைக்கிறார். சுட்டெரிக்கக் கேட்ட கை! அந்த இடத்தில்தான் சீமோன் என்கிறவன் காசைக் கொண்டுவந்து நீட்டுகிறான், உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப் போகட்டும் என்கிறார் பேதுரு. அபிஷேகத்துக்கு விதை விதைக்கச் சொல்லி உறை நீட்டுகிறவர்களிடம் அந்த அதிகாரத்தை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்கிறவர்களை அடக்க லேவியராகமம் 10ஐ எடுப்பார்கள், நாதாபும் அபியூவும் அந்நிய அக்கினியால் செத்த கதை. எனக்கும் சொன்னார்கள். அதை நிதானமாக வாசியுங்கள். முந்தின அதிகாரத்தின் முடிவில் கர்த்தருடைய சந்நிதியிலிருந்து அக்கினி தானாகப் புறப்பட்டுப் பலியைப் பட்சிக்கிறது, ஜனங்கள் கண்டு ஆர்ப்பரிக்கிறார்கள். அடுத்து அவர் கட்டளையிடாத நெருப்பைத் தாங்களே தூபகலசத்தில் போட்டுக் கொண்டுவந்தவர்கள்தான் செத்தார்கள். அவர்கள் ஆசாரியர்கள். நெருப்பு இறங்கவில்லையே என்று கூடாரத்துக்கு வெளியே அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணைப் பற்றி அங்கே எதுவும் இல்லை.

என்னை அழ வைத்த வசனம் எண்ணாகமம் 31:23. போரிலிருந்து கொண்டுவந்த பொருள்களைச் சுத்திகரிக்கும் முறை, வெறும் சட்டம்தான், யாரும் பிரசங்கம் பண்ணாத பகுதி. பொன், வெள்ளி, வெண்கலம், இரும்பு போன்று நெருப்புக்கு நிற்கக்கூடியதை நெருப்பில் போட்டு எடு. நெருப்புக்கு நிற்க முடியாததைத் தண்ணீரால் சுத்தம் பண்ணு. நான் அந்த வருஷம் நெருப்புக்கு நிற்கிற நிலையில் இல்லை. துணியையும் தோலையும் உலையில் போடு என்று ஆண்டவர் சொல்லவில்லை என்று வாசித்ததும் அவ்வளவு நேரம் அழுதேன். மல்கியா 3இலும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, புடமிடுகிறவனுடைய அக்கினி, வண்ணாருடைய சவுக்காரம். அந்த அதிகாரத்தில், அவர் உட்கார்ந்து வெள்ளியைப் புடமிடுகிறார் என்று இருக்கிறது. வெள்ளியில் தன் முகம் தெரியும்வரை தட்டான் புடமிடுவான் என்று ஒரு கதை மேடைகளில் சொல்வார்கள், அது வசனத்தில் இல்லை. ஆனால் உட்காருவது இருக்கிறது. எங்கள் ஊரில் நகைவேலை செய்யும் ஆசாரி ஒருவரிடம் போய் நேரில் பார்த்தேன். மூசையில், அதாவது உருக்கும் மண்குகையில், உருக்கும்போது வெங்காரத்தை ஒரு சிட்டிகை போடுகிறார், கசடு மேலே ஒதுங்குகிறது. ஊதுவதை அவர் கை கூட்டுகிறது, குறைக்கிறது, பேசுகிறபோதும் கண் மூசையை விட்டு விலகவில்லை. "எழுந்து போகக்கூடாதா அண்ணா?" என்று கேட்டேன். "போனால் சரக்கு போச்சு" என்றார். என்னைக் கூடுகையில் மயங்க விட்டுவிட்டு ஸ்தோத்திரம் சொன்னவர்கள் ஊதின நெருப்பை இதோடு சேர்த்துப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

அந்நியபாஷை வரம் பொய் என்று நான் சொல்லவே மாட்டேன். அந்த அக்கா ஜெபிப்பதைக் கேட்டவள் நான். நம் நாட்டில் இதற்கு நீண்ட சரித்திரமும் உண்டு. பெந்தெகொஸ்தே இயக்கத்தின் தொடக்கமாகப் பலர் சொல்லும் அசூசா தெரு எழுப்புதல் அமெரிக்காவில் 1906இல் நடப்பதற்கு முன்பே, 1860களில் திருநெல்வேலிச் சீமையில் அருளப்பன் என்ற தமிழ் ஊழியர் காலத்து எழுப்புதலில் அந்நியபாஷை பேசப்பட்டதாகப் பதிவு இருக்கிறது. 1905இல் மகாராஷ்டிராவில் கேட்காவ் என்ற ஊரில் பண்டித ரமாபாய் நடத்திய முக்தி இல்லத்தில் நடந்தது இன்னும் பிரசித்தம். ராத்திரியில் ஒரு பெண்ணைச் சுற்றி நெருப்பு எரிவதைப் பார்த்து, இன்னொரு பெண் அவள்மேல் ஊற்ற வாளித் தண்ணீர் எடுக்க ஓடினாள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு பெண்கள் கூட்டம் கூட்டமாக ஜெபத்தில் விழுந்தார்கள், பலர் பாஷைகளில் பேசினார்கள். ஆனால் இத்தனையும் கண்முன்னே பார்த்த ரமாபாய், பாஷை ஒன்றுதான் அடையாளம் என்று சொல்லவில்லை. வரங்களைத் தள்ளவேண்டாம், ஆனால் ஆவியின் ஞானஸ்நானத்துக்கு அவசியமான அடையாளம் அன்பு என்றுதான் எழுதினார். பஞ்சத்தில் அநாதையான பெண் பிள்ளைகளையும் விதவைகளையும் கூட்டி வந்து சோறு போட்டவர் அவர். 1 கொரிந்தியர் 12இன் கடைசியில் பவுலும், எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா என்று கேட்டுவிட்டு நேராக அன்பின் அதிகாரத்துக்குப் போகிறார்.

இப்போது இதே கூட்டத்தில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, யாராவது வசனம் சொல்லிப் பயமுறுத்தினால் அங்கேயே பதில் சொல்லாதீர்கள். அதிகாரத்தையும் வசனத்தையும் எழுதிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள், அந்த அதிகாரம் முழுதையும் வாசியுங்கள். உங்கள் சபையில் அந்நியபாஷை பேசாத மூத்த விசுவாசி யாராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள், அவரை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்தாலே நிறையப் புரியும். அழுதுகொண்டிருக்கும்போது காணிக்கை எழுதாதீர்கள், நகையைக் கழற்றவே கழற்றாதீர்கள். கொடுக்க ஆசையாக இருந்தால் இரண்டு இரவு தூங்கி எழுந்து, கணவனுக்கோ மனைவிக்கோ தெரிந்து கொடுங்கள். நாக்கை அசைக்கச் சொல்லிக்கொடுத்தால் மரியாதையாக எழுந்து வந்துவிடுங்கள், கொடுக்கிறவர் ஆவியானவர் என்றால் பயிற்சி எதற்கு. ராத்திரி தூக்கமே இல்லாமல் வாரக்கணக்கில் ஓடினால் அதை ஆவிக்குரிய பாரம் என்று மட்டும் நினைக்காதீர்கள், டாக்டரையும் பாருங்கள். பிள்ளையை இழந்தவர்களுக்கு இது ரொம்பவே முக்கியம், நான் போனபிறகுதான் எனக்கு இருந்தது மனச்சோர்வு என்றே தெரிந்தது.

அப்புறம் 1 இராஜாக்கள் 18ஐப் பிரசங்கிக்கிறவர்கள் 19க்கும் போகவேண்டும். கர்மேல் மலையில் எலியா தீர்க்கதரிசியின் ஜெபத்துக்கு அக்கினி இறங்கினது, ஜனங்கள் முகங்குப்புற விழுந்தார்கள். அடுத்த அதிகாரத்திலேயே அதே எலியா சூரைச்செடியின்கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறார். தேவதூதன் அவரிடம் கேள்வி கேட்கவில்லை, விசுவாசம் எங்கே என்று அதட்டவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்கிறான். சாப்பிட்டார், மறுபடியும் தூங்கினார், திரும்பவும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். பிறகு ஓரேப் மலையில் அக்கினி வருகிறது, அக்கினியில் கர்த்தர் இல்லை என்று வசனம் சொல்கிறது. திபேரியாக் கடற்கரையில் உயிர்த்தெழுந்த இயேசு போட்ட கரிநெருப்பிலும் மீன்தான் இருந்தது. ராத்திரி முழுக்க வலை போட்டு ஒன்றும் கிடைக்காமல் இருந்தவர்களுக்கு அவர் வைத்த காலைச் சாப்பாடு அது.

நான் அந்தச் சபையை விட்டு வந்துவிட்டேன். வளையலைக் கேட்டுப் பார்த்தேன், பீடத்தில் வைத்ததைத் திருப்பிக் கேட்கக்கூடாது என்றார்கள். கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கடனை இரண்டு பேருமாக அடைத்துக்கொண்டிருக்கிறோம். ஊர்ச் சபையில் ஆயர் பேச வரச் சொல்லியிருக்கிறார், அப்பா கூட வருவதாகச் சொன்னார், கிறிஸ்துமஸுக்குப் போகும்போது பார்க்க வேண்டும். அந்த அக்கா இன்னும் அங்கேதான் போகிறார், சனிக்கிழமைகளில் என் வீட்டுக்கு வருகிறார், இரண்டு பேரும் சேர்ந்து ரோமர் வாசிக்கிறோம். பணம் போனதை ஒருவழியாக மறந்துவிடுவேன். பிள்ளை போனதற்கு அக்கினி இல்லாததுதான் காரணம் என்று சொன்னதை மட்டும் என்னால் இன்னும் கடக்க முடியவில்லை. பிறவிக் குருடனைப் பார்த்து, இவன் செய்த பாவமா இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று இயேசு பதில் சொல்லியிருக்கிறார், யோவான் 9:3. மைக் பிடிக்கிறவர்கள் இதை ஒருமுறை வாசித்துவிட்டு மேடை ஏறுங்கள். கர்ப்பம் கலைந்த ஒரு பெண்ணைப் பார்த்து உனக்கு அக்கினி இல்லை, அதனால்தான் என்று சொல்ல வேதத்தில் உங்களுக்கு ஒரு வசனம்கூடக் கிடையாது. இருந்தால் காட்டுங்கள்.